விருது பெற்ற நாவல்களைச் சேர்க்க ஆரம்பித்தவர் எந்தப் பட்டியலைப் பின்பற்றுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். விருது பெற்ற நாவல்களைச் சேர்ப்பதைப் பொழுதுபோக்காக ஆரம்பித்திருக்கிறீர்கள். புக்கர், புலிட்சர், நோபல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினீர்கள். அலமாரி நிறைந்துவிட்டது, ஆனால் படித்து முடித்தவை கொஞ்சம்தான். சில நாவல்களில் ஐம்பது பக்கத்தைத் தாண்டவே முடியவில்லை. எந்த விருதை நம்புவது, எந்த வரிசையில் படிப்பது, முதல் பதிப்பாகவே தேடி வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அவ்வளவு பெரிய நடுவர்கள் சிறந்தது என்று சொன்ன நாவல் எனக்கு ஒட்டவில்லை என்றால் குறை என்னிடமா, நாவலிடமா? இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் நூலக அறிவியல் படித்தவன். பல வருடங்கள் ஒரு நூலகத்தின் புனைகதைப் பிரிவில் நூற்பட்டியல் தயாரிக்கும் வேலை பார்த்தேன், பழைய புத்தகங்களைப் பராமரிப்பதிலும் பயிற்சி பெற்றேன். சொந்தமாகவும் விருது நாவல்களைச் சேர்த்துப் படித்து வருகிறேன். என் எல்லையையும் சொல்லிவிடுவது நல்லது. தமிழும் ஆங்கிலமும் மட்டுமே எனக்குப் படிக்க வரும். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய நாவல்களையெல்லாம் மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அந்த நாட்டு விருதுகள் எப்படித் தரப்படுகின்றன என்பதைச் சொல்ல முடியும், அந்த நாவல்களின் மூலமொழி நடை எப்படி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் புத்தக வியாபாரியும் இல்லை.

சரி, அடியில் இருக்கும் கேள்விக்கு வருவோம். குறை உங்களிடமும் இல்லை, பெரும்பாலும் நாவலிடமும் இல்லை. ஒரு விருது என்பது, ஒரு வருடத்தில், ஒரு குறிப்பிட்ட விதிக்குள் வந்து சேர்ந்த புத்தகங்களைப் பார்த்து, குறிப்பிட்ட சில மனிதர்கள் எடுத்த முடிவு. அதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. புக்கர் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. சல்மான் ருஷ்டியின் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ 1981இல் புக்கர் வென்றது. பரிசின் 25ஆம் ஆண்டையொட்டி 1993இல் அதுவரை வென்ற எல்லாவற்றிலும் சிறந்தது எது என்று பார்த்தபோதும் அதுதான் தேர்வானது. 2008இல் 40ஆம் ஆண்டுக்காக வாசகர்களிடம் வாக்கெடுத்தபோதும் அதுவே வென்றது. 2018இல் 50ஆம் ஆண்டு வந்தது. இந்த முறை நடுவர்கள் பத்தாண்டுக்கு ஒன்றாக ஐந்து நாவல்களைத் தேர்ந்தெடுத்து வாசகர் வாக்குக்கு விட்டார்கள். அந்த ஐந்தில் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ இடம்பெறவே இல்லை. 1980களுக்காக பெனலோப்பி லைவ்லியின் ‘மூன் டைகர்’ வந்தது. இறுதியில் மைக்கேல் ஒண்டாட்ஜியின் ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ வென்றது. பத்து வருடத்தில் ருஷ்டியின் நாவலில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தோடு சண்டை போடாமல் பேச முடியும்.

அதனால்தான் யார் சேர்க்க ஆரம்பித்தாலும் நான் முதலில் சொல்வது, புத்தகம் வாங்குவதற்கு முன்னால் அந்த விருதின் விதியைப் படியுங்கள் என்பது. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தெரிந்தால் பட்டியலின் குணம் பாதி புரிந்துவிடும். புக்கருக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக ஐந்து நடுவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைப் படித்து பன்னிரண்டு பதின்மூன்றாகச் சுருக்குவார்கள் (இது நெடும்பட்டியல்), அவற்றை மறுபடி படித்து ஆறாக்குவார்கள் (இது குறும்பட்டியல்), அந்த ஆறையும் இன்னொரு முறை படிப்பார்கள். மூன்றாவது வாசிப்பிலும் தாங்கி நிற்கிற நாவல்தான் ஜெயிக்கிறது. முதல் வாசிப்பில் வேகமாக இழுத்துக்கொண்டு போய் அங்கேயே தீர்ந்துபோகிற நாவலுக்கு இந்த முறையில் வாய்ப்பு குறைவு. நீங்கள் ஐம்பது பக்கத்தில் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் வாசிப்பில் தயக்கம் காட்டும் நாவல்கள் இந்தப் பட்டியலில் இயல்பாகவே அதிகம். இது என் ஊகம், நிரூபிக்கப்பட்ட ஒன்றல்ல. ஆனால் பட்டியலை வரிசையாகப் படித்தவர் யாரும் இதை மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பிரான்ஸின் கோன்கூர் பரிசு வேறு மாதிரி. 1903இலிருந்து தரப்படுகிறது. அதன் குழுவில் பத்துப் பேர், வருடா வருடம் மாறுவதில்லை. அதனால் ரசனையில் ஒரு தொடர்ச்சி இருக்கும். பரிசுத் தொகை வெறும் பத்து யூரோ, ஆனால் வென்ற நாவலின் விற்பனை உயரும் உயரமே வேறு. ஒருவருக்கு ஒரு முறைதான் என்பது விதி. ரோமன் காரி 1956இல் வாங்கினார், 1975இல் எமில் அழார் என்ற புனைபெயரில் எழுதி மறுபடியும் வாங்கினார். எழுதியவர் யார் என்பது அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. அமெரிக்காவின் புலிட்சரில் ஒரு நடுவர் குழு சில நாவல்களைப் பரிந்துரைக்கும், கடைசி முடிவு வாரியத்தின் கையில். இரண்டும் ஒத்துப்போகாத வருடங்கள் உண்டு. 1974இல் நடுவர் குழு தாமஸ் பின்ச்சனின் ‘கிராவிட்டீஸ் ரெயின்போ’வைப் பரிந்துரைத்தது, வாரியம் ஏற்கவில்லை, அந்த வருடம் புனைகதைக்குப் பரிசே இல்லை. 2012இலும் மூன்று நாவல்கள் பரிந்துரைக்கப்பட்டு, எதற்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இடம் காலியாக விடப்பட்டது. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோவை நடுவர்கள் தருவதில்லை, உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்களான வாசகர்கள் வாக்களித்துத் தருகிறார்கள். அதே துறையின் நெபுலா விருதுக்கு வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்கள். வாசகர், எழுத்தாளர் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட நாவல்கள் வேண்டுமென்றால் இரண்டையும் வென்றவற்றைப் பார்க்கலாம். அர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ அப்படிப்பட்டது. டப்ளின் இலக்கிய விருதுக்கு உலகம் முழுவதும் உள்ள நூலகங்கள் நாவல்களை முன்மொழிகின்றன. நூலகத்தில் இருந்தவன் என்பதால் எனக்கு அதன் நெடும்பட்டியல் மேல் தனிப் பிரியம். வேறு எங்கும் பேர் அடிபடாத மொழிபெயர்ப்புகள் அதில் வந்து நிற்கும்.

விதிகள் காலத்தோடு மாறுவதையும் கவனிக்க வேண்டும். 2013 வரை புக்கர் காமன்வெல்த் நாடுகள், அயர்லாந்து, ஜிம்பாப்வே எழுத்தாளர்களுக்கு மட்டும்தான். 2014இலிருந்து, ஆங்கிலத்தில் எழுதி பிரிட்டனில் (2018இலிருந்து அயர்லாந்திலும்) வெளியான நாவல் என்றால் எந்த நாட்டவரும் வரலாம். அதனால் 2013க்கு முந்தைய பட்டியலையும் பிந்தைய பட்டியலையும் ஒரே பட்டியலாக நினைத்துப் படித்தால் குழப்பம்தான். ஆரம்பத்தில் முந்தைய வருட நாவல்களுக்குப் பரிசு தந்துகொண்டிருந்தவர்கள் 1971இல் நடப்பு வருட நாவல்களுக்கு மாறினார்கள். நடுவில் 1970இல் வெளியான நாவல்களில் பெரும்பாலானவை எந்தப் போட்டியிலும் சேராமல் விடுபட்டுப் போயின. நாற்பது வருடம் கழித்து, 2010இல், அந்த வருடத்துக்காகத் தனியாக ஒரு பரிசு வைத்து ஜே. ஜி. ஃபேரலின் ‘ட்ரபிள்ஸ்’ நாவலுக்குக் கொடுத்தார்கள். ஃபேரல் 1979லேயே கடலில் விழுந்து இறந்துவிட்டார். சேகரிப்பவர்களில் பலருக்கு இந்தப் புத்தகம் விட்டுப்போகும், ஏனென்றால் வழக்கமான வருட வரிசையில் அது இருக்காது. என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலில் தவறவே விடக்கூடாத நாவல்களில் அது ஒன்று.

இன்னொரு சிக்கல், விருது பெற்ற எல்லாமே நாவல் இல்லை. புலிட்சரில் 1947 வரை அந்தப் பிரிவுக்கே ‘நாவல்’ என்றுதான் பெயர். 1948இலிருந்து ‘புனைகதை’ என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகு சிறுகதைத் தொகுப்புகளும் வென்றிருக்கின்றன, 2000இல் ஜும்பா லாஹிரியின் முதல் தொகுப்பு வென்றது போல. 2025இல், மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர் வாங்கிய பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லேம்ப்’ கன்னடச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்பு. சாகித்ய அகாதெமி விருது எந்த இலக்கிய வகைக்கும் தரப்படலாம். தி. ஜானகிராமனுக்கு 1979இல் ‘சக்தி வைத்தியம்’, அசோகமித்திரனுக்கு 1996இல் ‘அப்பாவின் ஸ்நேகிதர்’, இரண்டுமே சிறுகதைத் தொகுப்புகள். இவர்களின் நாவல்களான ‘மோகமுள்’ளும் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ம் விருதுப் பட்டியலில் இல்லை. பட்டியலை மட்டும் நம்பிச் சேர்ப்பவரின் அலமாரியில் தமிழின் இரண்டு பெரிய நாவலாசிரியர்களின் நாவல் ஒன்றுகூட இருக்காது. எனக்கு இது மனசுக்கு ஒப்பாத விஷயம். அதனால், விருது பெற்ற எழுத்தாளரின் முக்கிய நாவல் ஒன்றையும் விருது நூலோடு சேர்த்து வைப்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

நோபலைப் பொறுத்தவரை இன்னும் கவனம் வேண்டும். அது எழுத்தாளருக்குத் தரப்படுவது, புத்தகத்துக்கு அல்ல. ‘நோபல் பெற்ற நாவல்’ என்று அட்டையில் போட்டிருந்தால் அது விற்பனைக்கான வாசகம். சில வருடங்களில் மட்டும், நோபலைத் தரும் ஸ்வீடிஷ் அகாதெமி தன் அறிவிப்பில் ஒரு படைப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. 1929இல் தாமஸ் மன்னுக்குக் கொடுத்தபோது 1901இல் வந்த ‘புடன்புரூக்ஸ்’ஐத்தான் குறிப்பிட்டார்கள். 1924இல் வெளியாகியிருந்த ‘தி மேஜிக் மவுன்டன்’ பற்றி அறிவிப்பில் பேச்சே இல்லை. பரிசு 1901இல் தொடங்கியது, டால்ஸ்டாய் 1910 வரை உயிரோடு இருந்தார், அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நோபலை வைத்து நாவல் சேர்ப்பது என்றால் எந்த எழுத்தாளரின் எந்த நாவல் என்று நீங்களேதான் முடிவெடுக்க வேண்டும். நிறையப் படித்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது. ஆரம்பத்திலேயே நோபல் பட்டியலில் இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் எங்கே எல்லை போடுவது? உங்கள் அலமாரி திணறுவதற்குக் காரணம் எல்லை இல்லாததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான்கு விருதுகளை ஒரே நேரத்தில் துரத்தினால் ஒவ்வொரு வருடமும் நான்கு புதிய நாவல்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், பழைய பாக்கியோ அப்படியே கிடக்கும். ஒரே ஒரு விருதை எடுத்தால் கணக்கு கைக்கு அடங்கும். 1969இலிருந்து 2025 வரை புக்கர் வென்ற புத்தகங்கள் மொத்தம் 60. இருவருக்குப் பகிர்ந்து தரப்பட்ட 1974, 1992, 2019 ஆகிய வருடங்களையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. மாதம் ஒன்று படித்தால் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதே அறுபது இடத்தை வேறு மாதிரியும் நிரப்பலாம். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஏதாவது ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பத்து வருடங்களின் குறும்பட்டியல்களை முழுதாகச் சேர்ப்பது. பெரும்பாலும் வருடத்துக்கு ஆறு, பத்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட அறுபது.

குறும்பட்டியலை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வென்ற நாவலை மட்டும் படித்தால் முடிவு மட்டும்தான் தெரியும். கூட நின்ற ஐந்தையும் படித்தால் நடுவர்கள் எதோடு எதை ஒப்பிட்டார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது தெரியும். 2005ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் பான்வில்லின் ‘தி சீ’ வென்றது. கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ குறும்பட்டியலில் இருந்து தோற்றது. இரண்டுமே பழைய நினைவுகளைத் திரும்பிப் பார்க்கிற நாவல்கள். ஒன்றில் வாக்கியங்கள் அடர்த்தியாக, ஒவ்வொன்றும் நின்று படிக்கச் சொல்லும். மற்றதில் பேச்சு சாதாரணமாகப் போய்க்கொண்டே இருக்கும், பயங்கரம் மெதுவாகத்தான் உறைக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, நீங்கள் ஆறாவது நடுவராக இருந்தால் எதற்கு வாக்களிப்பீர்கள் என்று யோசியுங்கள். அந்த ஒரு வாரம் கற்றுத் தருகிற அளவுக்கு வென்ற நாவல்கள் பத்து சேர்ந்தாலும் கற்றுத் தராது. இன்றைக்கு அந்த இரண்டில் அதிகம் படிக்கப்படுவது தோற்ற நாவல்தான் என்பது என் கணிப்பு.

படிக்கும் வரிசைக்கு வருகிறேன். வருட வரிசையில் படிக்காதீர்கள். சேர்ப்பதற்குத்தான் வருட வரிசை, படிப்பதற்கு உங்கள் ஆர்வம் வழிகாட்டட்டும். ஆரம்பத்தில் சின்ன நாவல்களை எடுங்கள். பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘ஆஃப்ஷோர்’ (1979), சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ (2024) இரண்டும் நூற்று நாற்பது பக்கத்துக்குள் முடிகிறவை. எலினார் கேட்டனின் ‘தி லூமினரீஸ்’ (2013) எண்ணூறு பக்கத்துக்கு மேல். அதை முதலில் எடுத்துக்கொண்டு திணறிவிட்டு, புக்கர் நாவல்களே கடினம் என்று முடிவுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்றை, விருதுப் பட்டியல்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. வென்ற நாவல்களில் சில ஒரு தொடரின் நடுப்பகுதியோ கடைசிப் பகுதியோ. பாட் பார்க்கரின் ‘தி கோஸ்ட் ரோட்’ (1995) மூன்று நாவல் தொடரின் மூன்றாவது. முதல் நாவலான ‘ரீஜெனரேஷன்’ படிக்காமல் அதற்குள் போனால், மனிதர்கள் ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஹிலரி மேன்டலின் ‘பிரிங் அப் தி பாடீஸ்’ (2012) இரண்டாவது பகுதி. நல்லவேளை, முதல் பகுதியான ‘வுல்ஃப் ஹால்’ 2009இல் புக்கர் வாங்கியதால் பலர் அதிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் தொடரை முடிக்கும் ‘தி மிரர் அண்ட் தி லைட்’ வெல்லவில்லை, 2020இல் நெடும்பட்டியலோடு நின்றுவிட்டது. வென்றவற்றை மட்டும் வாங்குகிறவரிடம் கதையின் முடிவு இருக்காது. வில்லியம் கோல்டிங்கின் ‘ரைட்ஸ் ஆஃப் பாஸேஜ்’ (1980) ஒரு கடற்பயணத் தொடரின் முதல் பகுதி, கப்பல் கரை சேர இன்னும் இரண்டு நாவல்கள் இருக்கின்றன. புலிட்சரில் ஜான் அப்டைக்கின் ‘ராபிட்’ தொடரில் மூன்றாவதும் நான்காவதும்தான் வென்றன, 1982லும் 1991லும். முதல் நாவல் 1960இல் வந்தது. ஹியூகோவில் இது இன்னும் அதிகம். என். கே. ஜெமிசின் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று வருடம் வென்றது ஒரே தொடரின் மூன்று பகுதிகளுக்கு. உங்களிடம் 2018இன் புத்தகம் மட்டும் இருந்தால் அதில் ஐம்பது பக்கம் தாண்டாதது உங்கள் குற்றமே இல்லை. நீங்கள் பாதியில் விட்ட ஒவ்வொரு நாவலுக்கும் இதை முதலில் சரிபாருங்கள்.

மொழிபெயர்ப்பு நாவல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பாருங்கள். ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் இருக்கலாம். மேலே சொன்ன ‘புடன்புரூக்ஸ்’ஐ ஆங்கிலத்தில் ஹெலன் லோ-போர்ட்டர் 1924இல் செய்தார், ஜான் இ. வுட்ஸ் 1993இல் மறுபடி செய்தார். ஒன்றில் நுழைய முடியாதவர் மற்றதில் சுலபமாக நுழைந்துவிடக்கூடும். பழைய மொழிபெயர்ப்புகள்தான் மலிவாகப் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் என்பதால் ஆரம்பநிலைச் சேகரிப்பாளர்கள் கையில் அவையே அதிகம் சேர்கின்றன. சர்வதேச புக்கர் 2016இலிருந்து தனியொரு நூலுக்குத் தரப்படுகிறது, தொகையை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்கு விருது வந்தபோது அதன் மொழிபெயர்ப்பாளர் டெய்சி ராக்வெல்லும் அதே மேடையில் சமமாக நின்றார். உங்கள் பதிவேட்டிலும் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தனிப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் ஆசிரியரை வைத்துப் புத்தகம் தேடுவது போலவே மொழிபெயர்ப்பாளரை வைத்தும் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒரு நாவல் ஒட்டவில்லை என்றால் மூடி வையுங்கள், ஆனால் எங்கே நிறுத்தினீர்கள், எது தடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். ‘பேசுபவர் யார் என்றே தெரியவில்லை’, ‘இந்தப் போரைப் பற்றி எதுவும் தெரியாது’ என்று ஒரு வரி போதும். சில வருடம் கழித்து எடுக்கும்போது அந்தத் தடை போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். போகாமலே இருக்கிற நாவல்களும் உண்டு. அவற்றை முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வாசகருக்குக் கிடையாது. அந்தக் கட்டாயம் நடுவர்களுக்குத்தான்.

இனி முதல் பதிப்பு. படிப்பதுதான் நோக்கம் என்றால் முதல் பதிப்பு தேவையே இல்லை. சொல்லப்போனால் பல நேரம் பின்னால் வந்த அச்சில்தான் பிழைகள் திருத்தப்பட்டிருக்கும். புத்தகத்தை ஒரு பொருளாகவும் நேசிக்கிறவர் என்றால் அது தனிச் சந்தோஷம், அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பிரதியில் எதிர்பார்க்காதீர்கள். அடிக்கோடு போட, பையில் போட்டு எடுத்துப் போக ஒரு பேப்பர்பேக், அலமாரிக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் மனம் லேசாகும்.

அடையாளம் காண்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. ஆங்கிலப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒரு எண் வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். 1 இருந்தால் முதல் அச்சு. ஆனால் எல்லாப் பதிப்பகத்துக்கும் இது பொருந்தாது. ராண்டம் ஹவுஸ் நெடுங்காலம் ‘முதல் பதிப்பு’ என்ற வாசகத்தோடு 2இல் முடியும் வரிசையை முதல் அச்சுக்குப் போட்டு வந்தது. மேலுறையிலேயே ‘விருது வென்றது’ என்று அச்சாகியிருந்தால் அந்த உறை நிச்சயம் விருதுக்குப் பிந்தியது. ஒட்டுத்தாளாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது, கையிருப்பில் இருந்த பழைய பிரதிகளிலும் ஒட்டுவார்கள். புத்தகக் கழகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக அச்சிடும் பதிப்புகள் பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும், ஆனால் மேலுறையில் விலை இருக்காது, தாளும் கட்டும் கொஞ்சம் மட்டமாக இருக்கும். மேலுறை இல்லாத நவீன முதல் பதிப்புக்குச் சேகரிப்பாளர்கள் மத்தியில் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் கிழிந்திருந்தாலும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், செலோடேப்பால் ஒட்டவும் ஒட்டாதீர்கள்.

ஒரே நாவல் இரண்டு பெயரில் வருவதையும் கவனியுங்கள். 1982இல் புக்கர் வாங்கிய தாமஸ் கெனலியின் ‘ஷிண்ட்லர்ஸ் ஆர்க்’ அமெரிக்காவில் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ என்ற பெயரில் வந்தது. இரண்டையும் தனித்தனி நாவல் என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஷெஹான் கருணாதிலகவின் விஷயம் வேறு. ‘சாட்ஸ் வித் தி டெட்’ என்று 2020இல் இந்தியாவில் வெளியான நாவலை அவர் பிரிட்டனுக்காகத் திருத்தி எழுதினார். அந்த வடிவம்தான் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா’ என்ற பெயரில் 2022இல் புக்கர் வென்றது. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாவலாசிரியர் தன் நாவலைத் தெரியாத வாசகருக்காக எப்படித் திறந்து வைக்கிறார் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம்.

மதிப்பு ஏறுமா என்று கேட்டால், இங்கேதான் உறுதியற்ற பகுதிக்கு வருகிறோம். விருதுக்கு முன் குறைவாக அச்சிடப்பட்டு, பிறகு எல்லோரும் தேடுகிற நாவல்கள் அரிதாகின்றன. ஜான் கென்னடி டூலின் ‘எ கான்ஃபெடரஸி ஆஃப் டன்சஸ்’ அவர் இறந்து பதினொரு வருடம் கழித்து, 1980இல் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் சிறிய எண்ணிக்கையில் வெளிவந்தது, 1981இல் புலிட்சர் வாங்கியது. அந்த முதல் அச்சு இன்று சேகரிப்பாளர்கள் கனவு காணும் புத்தகம். ஆனால் இப்போதெல்லாம் நெடும்பட்டியல் வந்த அன்றே பதிப்பகங்கள் அச்சைக் கூட்டிவிடுகின்றன. அதனால் இனி வருபவற்றில் அப்படி எத்தனை நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய விருது நாவல்களில் பலவற்றை இன்று தேடுவாரே இல்லை. முதலீடாக நினைத்து வாங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

பராமரிப்பில் அதிகம் செய்ய வேண்டியதில்லை, சிலவற்றைச் செய்யாமல் இருந்தாலே போதும். நேர் வெயில் படும் இடத்தில் அலமாரி வேண்டாம், உறையின் முதுகுப் பக்கச் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும், சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரல் போட்டு இழுக்காமல், இரண்டு பக்கப் புத்தகங்களையும் உள்ளே தள்ளி நடுவில் பிடித்து எடுங்கள். அந்துருண்டை போடுவதை நான் சொல்ல மாட்டேன், அதன் ஆவி மனிதருக்கு நல்லதல்ல. ராமபாணப் பூச்சி தெரிந்தால் அந்தப் புத்தகத்தைத் தனியே எடுத்து, காற்றுப் புகாத உறையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே குளிரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு முழுதாக அறை வெப்பத்துக்கு வந்தபின் உறையைப் பிரியுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் தாளில் நீர் கோத்துவிடும். மேலுறைக்கு ஒட்டாத பாலியஸ்டர் உறை போடலாம், லேமினேஷன் கூடவே கூடாது.

இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்காமல், இருப்பவற்றைக் கீழே இறக்கி விருது வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தக் குவியல் பெரியதோ அதையே உங்கள் விருதாக வைத்துக்கொள்ளலாம். தொடரின் நடுப்பகுதிகளைத் தனியே எடுத்துவைத்து, முதல் பகுதியை நூலகத்தில் கடன் வாங்கிப் படிக்கலாம். மீதியில் மிகச் சிறிய நாவலிலிருந்து ஆரம்பியுங்கள். பாதியில் நின்ற நாவல்களின் பெயர்களையும் யார் மொழிபெயர்ப்பு என்பதையும் இங்கே எழுதினால், எவை தொடரைச் சேர்ந்தவை, எவற்றுக்கு வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.